வாழைமரம் கட்டிய பெட்டி

செப்டம்பர் 8, திங்கள்

நான் சொல்கிறேன், மருமகள் மேகலா எழுதுகிறாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மீசை முளைக்காத வயதிலிருந்து பாரிமுனையில் ஒரு காகிதக் கிடங்கில் வேலை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நோட்டுப் புத்தகமாகிற காகிதத்தை முதுகில் சுமந்தவன், அதில் ஒரு எழுத்து எழுதியதில்லை. இப்போது சுமை கிடையாது. காலையில் கிடங்கைத் திறக்க வேண்டும், சாயங்காலம் பூட்ட வேண்டும். தாம்பரத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் பீச் ஸ்டேஷனில் இறக்கம்.

போன வாரம் பீச்சில் இறங்கும்போது தலை சுற்றி பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். விழுந்துவிட்டேன் என்று என் மகன் தனசேகர் சொல்கிறான். விழவில்லை, உட்கார்ந்தேன். டாக்டரம்மா மேகலாவைத்தான் பார்த்துப் பேசினார். "என்ன சாப்பிட்டார், எங்க போனார், தலை சுத்துச்சா, தினமும் எழுதி வைங்க. மறுபடி சுத்துனா ரயில் வேணாம்."

இது அதற்கான நோட்டு. காலை இட்லி, மத்தியானம் தயிர்ச் சோறு. தலை சுற்றவில்லை.

"வேற எதுனா எழுதணுமா மாமா?" என்கிறாள்.

"இன்னா கீது எழுத? ரயில்ல போனேன், வந்தேன்."

செப்டம்பர் 9, செவ்வாய்

கேழ்வரகுக் கூழ், வெங்காயம். தலை சுற்றவில்லை. ரயிலில் போனேன், வந்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

மேகலா என் சட்டையைத் துவைக்க எடுத்தவள் பாக்கெட்டை உதறினாள்.

"மாமா, பூண்டுத் தோலா வருது. மார்க்கெட்டுக்குப் போனீங்களா?"

போகவில்லை. டாக்டரம்மா படித்துத் தப்பாக நினைக்கக் கூடாது என்பதற்காக விவரமாகவே சொல்கிறேன். எங்கள் பெட்டிக்கும் லேடீஸ் பெட்டிக்கும் நடுவே பாதி உயரத்துக்குத் தகரம், அதற்கு மேலே கம்பி. அந்தப் பக்கம் ஒரு அம்மாள் மடியில் முறத்தை வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டே வருவாள். மண்ணடியில் ஒரு பிரியாணிக் கடைக்கு. மேலே ஃபேன் சுற்றும். தோல் பறந்து கம்பி வழியாக இந்தப் பக்கம் வரும். நான் கம்பியை ஒட்டி நிற்பதால் என் மேல் விழுகிறது.

"உக்கார எடம் இல்லியா மாமா? தாம்பரத்துலயேதானே ஏறுறீங்க?"

இடம் இருக்கிறது. எனக்கு நின்று பழக்கம்.

"யாரு அந்தம்மா?"

"எனக்கின்னா தெரியும். உண்ணாமலைன்னு பேரு. கடப்பேரில வூடு. வூட்டுக்காரரு போயிட்டாரு, ஒரே புள்ள, திருப்பூர்ல கீறான்."

மேகலா எழுதிக்கொண்டாள்.

எனக்கு ஞாபகம் அப்படி. யாரைப் பார்த்தாலும் மறக்காது. அந்த அம்மாள் முதன்முதலில் ஏறியது பெருமழை விட்ட மறுவாரம். கிளிப்பச்சைப் புடவை. இடது கட்டைவிரலில் மஞ்சள் தடவித் துணி சுற்றியிருந்தாள். செருப்பில் ஒரு வார் வேறு நிறம். இப்படித்தான் எல்லோரையும் ஞாபகம் வைத்திருப்பேன்.

தலை சுற்றவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

அந்த அம்மாள் ஏறிய அன்று அதே பெட்டியில் முதன்முதலாக ஏறிய வேறு யாரையாவது ஞாபகம் இருக்கிறதா என்று மேகலா கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

செப்டம்பர் 15, திங்கள்

உப்புமா. பாதிதான் சாப்பிட்டேன், வண்டிக்கு நேரமாகிவிட்டது.

எங்கள் பெட்டிக்குத் தலைவர் தணிகாசலம். கோர்ட்டில் குமாஸ்தா. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவராகவே ஆகிவிட்டார். ஆயுத பூஜை வருகிறதல்லவா, வருஷா வருஷம் எங்கள் பெட்டிக்கு நாங்கள் பூஜை போடுவோம். தினமும் தூக்கிக்கொண்டு போகிற வண்டி, அதற்கு வருஷத்தில் ஒரு நாள் பொட்டு வைக்காவிட்டால் எப்படி? லீவு நாளில் யாரும் வர மாட்டார்கள் என்பதால் முதல் நாள் காலையிலேயே வாழைமரம், மாவிலை, பொரி, சுண்டல் எல்லாம். தீ மட்டும் கூடாது. "கற்பூரத்த எல்லாரும் மனசுக்குள்ள ஏத்திக்குங்க" என்பார் தணிகாசலம்.

அதைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருக்கும்போது கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"இன்னா பெருசு, பீச்சாண்ட தலை சுத்திச்சாமே. யாரப் பாத்து?"

"வெயிலு."

"காலீல ஒம்பது மணிக்கு இன்னா வெயிலு?"

மாம்பலம் வந்துவிட்டது, கூட்டம் ஏறியது. கிண்டியிலிருந்து சேத்துப்பட்டு வரை அவள் சிரித்துக்கொண்டே உரித்தாள்.

மாம்பலத்தில் நிறுத்திய பேச்சுக்குக் கிண்டியிலிருந்தே எப்படிச் சிரித்தாள் என்று மேகலா கேட்கிறாள். அவள் முன்னாடியே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

செப்டம்பர் 17, புதன்

இன்று உண்ணாமலை வரவில்லை. உட்கார்ந்து போனேன். ரயிலே வேறு ரயில் மாதிரி இருந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

வந்தாள். நேற்று திருப்பூரிலிருந்து மகன் பூபதி போன் செய்தானாம். மருமகள் பனியன் கம்பெனிக்குப் போகிறாள், கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை, அம்மா வந்துவிட வேண்டும் என்று. விஜயதசமி முடிந்த சனிக்கிழமைக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டானாம்.

"ரிட்டன் எப்ப?" என்றேன்.

"ரிட்டன்லாம் போடல. பூண்டக் கூட வேற ஆளாண்ட சொல்லிட்டேன்."

"யாரு அது?"

"உனக்கு எதுக்கு? நீயா உரிக்கப் போற?"

எனக்கெதற்கு என்றுதான் நானும் சும்மா இருந்துவிட்டேன். யார் உரித்தாலும் தோல் தோல்தானே.

(ராத்திரி மாமா சோறு வேண்டாம் என்றார். காரணம் கேட்டதற்கு, பெட்டியில் ஃபேன் சரியாகச் சுற்றவில்லை என்றார். மேகலா.)

செப்டம்பர் 20, சனி

ஷேவ் பண்ணிக்கொண்டேன். நேற்றும் பண்ணிக்கொண்டேன். பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுக்கச் சொன்னேன்.

மேகலா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியை எழுத வேண்டாம் என்று சொன்னேன். அதற்கு நான் சொன்ன பதிலையும் எழுத வேண்டாம் என்று சொன்னேன். அவள் மூடிய பேனாவை மறுபடி திறந்தாள்.

"அந்தம்மாவாண்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அவங்க கெளம்பறதுக்குள்ள சொல்லிடுங்க மாமா. போனப்புறம் யாராண்ட சொல்லுவீங்க? தணிகாசலத்தாண்டயா?"

இதை எதற்கு எழுதுகிறாய்?

செப்டம்பர் 23, செவ்வாய்

பொங்கல், வடை. வெள்ளைச் சட்டை. இன்று சொல்லிவிடுவது என்று முடிவு.

பல்லாவரம் தாண்டியதும் கம்பியை ஒட்டிப் போனேன். தொண்டையைச் செருமினேன். அவள் நிமிர்ந்தாள். மூக்குத்தி இன்று வேறு, சிவப்புக் கல்.

"பூண்டு நல்லா கீதா?" என்றேன்.

"பூண்டுக்கின்னா, நல்லாத்தான் கீது. நீ எப்டிகீற?"

அந்த நேரம் பார்த்துத் தணிகாசலம் வந்து, பொரியில் பொட்டுக்கடலை கலப்பதா, தனியாகக் கொடுப்பதா என்று என் அபிப்பிராயம் கேட்டார். இத்தனை வருஷத்தில் என் அபிப்பிராயத்தை அவர் கேட்டதேயில்லை. இன்றைக்கு வந்து கேட்கிறார்.

"பூண்டு நல்லா இருக்கான்னு கேட்டீங்களா?" என்று மேகலா மூன்று தடவை கேட்டுவிட்டாள். சிரிப்பில் கையெழுத்து கோணியிருக்கிறதாம்.

செப்டம்பர் 24, புதன்

சொல்லவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

சொல்லவில்லை. வடபழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். அங்கே எலக்ட்ரிக் ட்ரெயின் போகாது, கோடம்பாக்கத்தில் நின்று வேண்டிக்கொண்டேன்.

செப்டம்பர் 27, சனி

சுமை கட்டிய கை என்பதால் வாழைமரம் கட்டுகிற வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார் தணிகாசலம். வண்டி குலுங்கினாலும் அவிழக் கூடாதாம். தனசேகருக்குத் தெரிந்தால் சீட்டு மேலெல்லாம் ஏறாதே என்று சத்தம் போடுவான். மேகலா அவனிடம் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொன்னாள்: "செவ்வாய்க்கெழம உட்டா அப்புறம் ரயிலே கெடையாது மாமா. ரெண்டு நாளு லீவு. அப்புறம் அவங்க மூட்டை கட்டப் போயிடுவாங்க."

தெரியும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்றைக்கு மேகலாவை இரண்டு பேனா எடுத்து வரச் சொன்னேன்.

வண்டி பிளாட்பாரத்துக்கு வந்து நின்றதுமே ஏறிவிட்டோம். கதவுக்கு இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டினேன். குலையோடு இருந்த மரம். கம்பி முழுக்க மாவிலைத் தோரணம், கலர் பலூன். ஜன்னலோரம் சரஸ்வதி படம். அண்டாவில் சுண்டல், சாக்கில் பொரி. அவரவர் ஆயுதத்தைப் படத்தின் முன்னால் வைத்தார்கள். தணிகாசலம் பேனா வைத்தார். லேத்துக்காரர் ஸ்பேனர் வைத்தார். நான் கிடங்குச் சாவியை வைத்தேன்.

தணிகாசலம் ஒரு பேனர் அடித்துக்கொண்டு வந்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் எல்லோரும் போட்டோ எடுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "ரெண்டே நிமிஷம். எல்லாரும் எறங்குங்க." ஒருத்தர் பாக்கியில்லாமல் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. சுண்டலுக்குக் காவல் வேண்டுமே.

மேகலா பேனாவை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள். சரி. கம்பிக்கு அந்தப் பக்கம் உண்ணாமலை ஏறி உட்கார்ந்திருந்தாள். "யோவ், என் ஆயுதத்துக்கும் ஒரு பொட்டு வையேன்" என்று பூண்டு உரிக்கிற கத்தியைக் கம்பி இடுக்கில் நீட்டினாள். பிடியில் நூல் சுற்றிய சின்னக் கத்தி. நான் அதைக் கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். நிதானமாகத்தான் வைத்தேன். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

எலக்ட்ரிக் ட்ரெயின் கிளம்புவது பின்னால் நிற்பவனுக்குத் தெரியாது, பூனை மாதிரி நகரும். இவர்கள் எல்லோரும் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேனரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். போட்டோ எடுப்பவன் கையை ஆட்டிக் கத்துகிறான். நெருங்கி நிற்கச் சொல்கிறான் என்று நினைத்து அவர்கள் இன்னும் நெருங்கி நின்றார்கள். நான் வாசலில் நின்று கூப்பிட்டேன். கையில் கத்தி. தணிகாசலம் திரும்பிப் பார்த்தபோது கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது.

சானடோரியத்தில் கூட்டம் ஏறியது. வாழைமரத்தைப் பார்த்து வழிவிட்டு ஏறினார்கள். ஒரு அண்டா சுண்டல், ஒரு சாக்கு பொரி, ஒரு சரஸ்வதி, நடுவில் நான்.

"இன்னா தாத்தா விசேஷம்?"

அப்போது லேடீஸ் பெட்டியிலிருந்து இறங்கி, இடுப்பில் பூண்டு மூட்டையோடு ஓடிவந்து எங்கள் பெட்டியில் ஏறினாள் உண்ணாமலை.

"தனியா மாட்டிக்கினு முழிக்கிற. பாக்க சகிக்கல. கரண்டிய எட்றா."

"இன்னாது?"

"கரண்டிய எடுன்னேன்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்டாவை அவள் பிடித்துக்கொண்டாள். நான் பொரி அள்ளினேன். குரோம்பேட்டையில் ஏறிய காலேஜ் பெண்கள் வாழைமரத்தைப் பார்த்தார்கள், என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள்.

"பாட்டி, அறுபதாம் கல்யாணமா?"

"இவனப் பாத்தா அறுபது மாதிரியா கீது?" என்றாள்.

"அப்ப எம்பதா?"

"எழுவத்தி மூணு" என்றேன். சொல்ல வேண்டியது அது இல்லை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அந்தப் பெண் குனிந்து எங்கள் காலைத் தொட்டுவிட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அப்புறம் ஒரு போலீஸ்காரர். வேண்டாம் வேண்டாம் என்று கையை உயர்த்தினேன். உயர்த்திய கையை ஆசீர்வாதம் என்று நினைத்து இன்னும் இரண்டு பேர் குனிந்தார்கள். உண்ணாமலை மறுத்துச் சொல்வாள் என்று பார்த்தேன். அவள் கரண்டியோடு, "நல்லா இருங்க, நல்லா இருங்க, சுண்டல் சிந்தாம எடுத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பல்லாவரத்தில் ஒரு தவில்காரர் ஏறினார். கிண்டியில் ஏதோ பட்டறைக்குப் பூஜைக்குப் போகிறாராம். பெட்டியைப் பார்த்ததும் உறையை அவிழ்த்தார். "கை கொஞ்சம் சூடாவட்டும் பெரியவரே" என்று அடித்தார் பாருங்கள் கெட்டி மேளம். யாரோ பொரியை அட்சதையாகப் போட்டார்கள். ஒருவர் போட்டதும் எல்லோரும் போட்டார்கள். பலூன் வெடித்தது. அவள் தலையெல்லாம் பொரி, என் தலையெல்லாம் பொரி. மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டியவன் ஒருவன் இறங்கவில்லை, நான் பார்த்தேன்.

இந்தச் சத்தத்தில் சொன்னால் யாருக்கும் கேட்காது என்று எனக்குத் தோன்றியது. அவள் காதருகே சொன்னேன். அவளுக்கும் கேட்கவில்லை.

"இன்னா?"

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"இன்னாய்யா? கேக்கல."

மூச்சை இழுத்துக்கொண்டு, கிடங்கில் லாரிக்காரனைக் கூப்பிடுகிற குரலில் சொன்னேன். அந்த நேரம் பார்த்துத் தவில்காரர் வியர்வை துடைக்க நிறுத்தினார்.

"திருப்பூருக்குப் போவாத உண்ணாமல. என்கூட இரு."

பெட்டி முழுக்கக் கேட்டது. லேடீஸ் பெட்டியிலும் கேட்டிருக்கும், கம்பியில் வரிசையாக முகம். பொரி மெல்லுகிறவன் கூட மெல்லவில்லை. ஸ்பீக்கரில் அடுத்த ஸ்டேஷன் பெயர் சொல்லிற்று, தமிழில் ஒரு தரம், இந்தியில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம். அது முடிகிற வரைக்கும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இவங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆவலியா?" என்றாள் காலேஜ் பெண்.

உண்ணாமலை தலையிலிருந்த பொரியைத் தட்டிவிட்டாள்.

"இத ரயில்ல கேப்பியா? நா என்ன சீட்டா, துண்டு போட்டு எடம் புடிக்க? உன் வூட்ல பொம்பள இல்ல? தட்டு எடுத்துக்கினு மொறயா வந்து கேக்கச் சொல்லு. ரயில்ல போவும்போது புடிச்சிக்கினான்னு நாளைக்கு ஒருத்தி பேசக் கூடாது."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சுண்டல் போட்டாள். ஒரே ஆளுக்கு மூன்று கரண்டி போட்டாள், அவளுக்கே தெரியவில்லை.

தணிகாசலமும் மற்றவர்களும் அடுத்த வண்டியில் பீச் வந்தார்கள். அண்டா காலி. "பொரியாவது கீதா?" என்றார். என் தோளிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன். போட்டோவைக் காட்டினார். எல்லோர் முகமும் பிரமாதமாக விழுந்திருக்கிறது. பின்னால் ரயில் மட்டும் இல்லை.

தலை சுற்றியதா என்று மேகலா கேட்கிறாள். சுற்றியது. டாக்டரம்மா வைத்தியம் பார்க்கிற சுற்றல் இல்லை அது.

நான் சொல்லி முடித்துவிட்டேன். ஏன் அப்படியே உட்கார்ந்திருக்கிறாய்? நம் வீட்டில் பொம்பளை நீ ஒருத்திதானே.

அக்டோபர் 1, புதன்

வீட்டில் பூஜை. தனசேகரிடம் மேகலாதான் சொன்னாள். நான் வாசலில் சைக்கிளைத் துடைத்தேன். துடைத்த சைக்கிளையே மறுபடி துடைத்தேன்.

தனசேகர் வெளியே வந்து பக்கத்தில் குந்தினான்.

"நெசமா நைனா?"

"ம்."

"ஊரு இன்னா சொல்லும்?"

உள்ளேயிருந்து மேகலா குரல் கொடுத்தாள். "ஊரு தெனமும் ரயில்ல தொங்கிக்கினு போவுது. அதுக்கு எறங்கி வந்து பேச நேரமில்ல."

அவன் துணியை என் கையிலிருந்து வாங்கி, நான் விட்ட பின்சக்கரத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். "அம்மா இருந்தா சிரிச்சிருக்கும்" என்றான். பிறகு, "தட்டுல மாம்பழம் வைக்கணுமா, சீசன் இல்லியே" என்றான்.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

கடப்பேரிக்கு மேகலாவும் தனசேகரும் போனார்கள். மாப்பிள்ளை வரக் கூடாது என்று என்னைத் தெருமுனை டீக்கடையில் உட்கார்த்திவிட்டார்கள். அதனால் இது மேகலா பார்த்தது, அவளே எழுதிக்கொள்கிறாள்.

உண்ணாமலை அம்மாள் வீட்டில் பாதி சாமான் மூட்டையாகக் கட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் கட்டியதை அவிழ்த்து டம்ளர் எடுத்தார். குடிக்கக் கலர் கொடுத்தார். தட்டை வைத்துக் கேட்டேன். "ஒங்க மாமனாரு காலைல காபியா, டீயா?" என்று கேட்டார். டீ என்றேன். "சர்க்கர?" கம்மி என்றேன். அதன் பிறகு தட்டை எடுத்து உள்ளே வைத்தார். பிறகு பூபதிக்குப் போன் போட்டு, எங்கள் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "ஆளு யாரு, இன்னாத்துக்கு இந்த வயசுல, ஒண்ணும் புரியல. சனிக்கெழம வரும்போது கூட்டிக்கினு வா, பாக்கணும்" என்றான்.

டீக்கடைக்கு வந்து மேகலா இதைச் சொன்னாள். ஆக, மாப்பிள்ளை பார்க்க அழைத்திருக்கிறார்கள். பார்க்கப் போகிறவனுக்கு என் மகன் வயது. நான் செங்கல்பட்டைத் தாண்டி ரயிலில் போனதில்லை. பூபதி எதிரில் போய் பூண்டைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள் என்று மேகலா சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

திருப்பூரிலிருந்து போனில் சொல்கிறேன், அங்கே எழுதிக்கொள்.

நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பூபதி எதிரில் கட்டிலில் உட்கார்ந்தான். என்ன வேலை, குடிப்பழக்கம் உண்டா, சர்க்கரை உண்டா, எல்லாம் கேட்டான். தலைச்சுற்றல் உண்டா என்று மட்டும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவன் அம்மா அடுப்படியில் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க நல்ல ஆளாத்தான் தெரியுது" என்றான். "ஆனா அம்மாவ நீங்க கூட்டிக்கினு போயிட்டா கொழந்தைய யாரு பாக்கறது? அதுக்குத்தான நா கூப்டேன்."

பாத்திரச் சத்தம் நின்றது. நியாயமான கேள்வி. இதற்கு நான் ஒன்றும் யோசித்து வரவில்லை. அவளும் யோசிக்கவில்லை என்று தெரிந்தது. தொட்டிலில் குழந்தை எழுந்து அழுதது. நான்தான் பக்கத்தில் இருந்தேன், எடுத்தேன். முதுகில் போட்டுத் தட்டினேன். காகித பண்டலை விட லேசு, கொஞ்சம் அசைகிறது, அவ்வளவுதான். என் தோளிலேயே தூங்கிவிட்டது.

அடுப்படியிலிருந்து உண்ணாமலை எட்டிப் பார்த்தாள். பூபதி அவளைப் பார்த்தான். அவன் பெண்டாட்டி அவனைப் பார்த்தாள்.

"கீழ் போர்ஷன் காலியாத்தான் கீது" என்றான் பூபதி.

அடுத்த முகூர்த்தத்தில் இங்கேயே கோயிலில் மாலை. நீயும் தனசேகரும் வந்துவிடுங்கள். கிடங்கு முதலாளியிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல், தணிகாசலத்திடம் நீயே பக்குவமாகச் சொல். குழந்தை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் இங்கேதான்.

இந்த ஊரில் எலக்ட்ரிக் ட்ரெயின் கிடையாதாம். இறங்கியதும் ஸ்டேஷனிலேயே விசாரித்தேன். பரவாயில்லை என்று சொன்னேன் என்று எழுதிக்கொள்.